தோற்கவும் வழியில்லாத கோடை



பெருந்தொற்றுக் காலப் பள்ளி என்றாலே ஆன்லைன் வகுப்பும் செல்போன் சண்டையும்தான் பேசப்படுகின்றன. ஆட்டத்தை இழந்த வீடுகளை யாரும் கண்டுகொள்வதில்லை.

உதாரணத்துக்கு, ஜப்பானில் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. மே 20 அன்று, மேல்நிலைப் பள்ளி மாணவர்களின் கோடைக்கால கோஷியென் பேஸ்பால் போட்டியும் ரத்தானது; இரண்டாம் உலகப் போருக்குப் பின் இதுவே முதல் முறை. விட்டுப்போன பாடங்களுக்காகப் பள்ளிகள் கோடை விடுமுறையைக் குறைத்ததும் அதற்கொரு காரணம்.

அங்கே பேஸ்பால் ஆடும் பிள்ளை இருந்தால் வீடே பயிற்சி நேரத்தை ஒட்டித்தான் நகரும். விடியுமுன் சோற்று டப்பா கட்டுவது, மண் அப்பிய வெள்ளைச் சீருடையை பிரஷ் போட்டுத் தேய்ப்பது எல்லாம் பெரும்பாலும் அம்மாக்கள் தலையில். (அப்பாக்கள் என்ன செய்கிறார்கள் என்பதற்குத் தனிக் கடிதமே எழுதலாம்!)

கோஷியெனில் தோற்றவர்கள் மைதானத்து மண்ணை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு அழுதபடி வெளியேறுவது வழக்கம். அந்த ஆண்டு இறுதி வகுப்பு மாணவர்களுக்குத் தோற்கும் வாய்ப்புகூட இல்லை. அவர்களுக்காக ஹான்ஷின் டைகர்ஸ் என்ற தொழில்முறை பேஸ்பால் அணி, அந்த மண்ணை அடைத்த சாவிக்கொத்துகளை நாடெங்கும் வழங்கியது.

பின்னர், கோடைப் போட்டிக்கு முன்பே ரத்தாகியிருந்த வசந்தகாலப் போட்டிக்குத் தேர்வான 32 அணிகளை மட்டும் ஆகஸ்டில் கோஷியென் மைதானத்துக்கு அழைத்தார்கள். அணிக்கு ஒரே ஓர் ஆட்டம்.

- ஒரு வாசகர், திருச்சி