"வீக்கம்" என்று எழுதினால் போதுமா?



சென்ற இதழில் குழந்தைகளின் தடுப்பூசி அட்டையைப் பத்திரப்படுத்துவது பற்றி எழுதியிருந்தேன். இம்முறை பெரியவர்களின் காகிதம் ஒன்று. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கையில் கொடுக்கிறார்களே, டிஸ்சார்ஜ் சம்மரி, அதைத்தான் சொல்கிறேன். பில்லைப் பத்துத் தடவை கூட்டிப் பார்க்கிற நாம், அதை ஒரு தடவையாவது படிக்கிறோமா? நான் படிக்கவில்லை. பட்ட பிறகுதான் புத்தி வந்தது.

எங்கள் வீட்டுக்காரர் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடத்துக்கு வேன் ஓட்டுகிறார். ஷிப்டுக்குப் போகிற பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற சொந்த வேன். சொந்தத் தொழில் என்பதால் இ.எஸ்.ஐ. கிடையாது. நாங்களாகவே ஒரு மெடிக்கல் இன்ஷூரன்ஸ் எடுத்து வைத்தோம். எடுத்து ஏழு மாதம்கூட ஆகவில்லை, ஒரு ராத்திரி ஷிப்டு முடிந்து வந்தவர், இரண்டு போர்வை போர்த்தியும் நடுங்கினார். நல்ல காய்ச்சல், அடிவயிற்றில் வலி, சிறுநீர் எரிச்சலோடு சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது. "ஏங்க, ரெண்டு நாளா இருக்குன்னா முதல்லயே சொல்லக்கூடாதா?" என்றேன். "இதையெல்லாம் போய் எப்படிம்மா சொல்றது?" என்றார். ஆண்களின் கூச்சம் அப்படி!

நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். புரோஸ்டேட் என்று ஒரு சுரப்பி, ஆண்களுக்கு மட்டும் உண்டு. மூத்திரப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி, ஒரு பெரிய நெல்லிக்காய் அளவுக்கு இருக்கும். அதில் கிருமி தாக்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். சிறுநீரைக் கல்ச்சர் செய்ததில் ஈ-கோலி என்ற கிருமி வளர்ந்திருந்தது. ஊசி மருந்து ஏற்றியதும் காய்ச்சல் இறங்கியது. பெண்ணின் காலேஜ் ஃபீஸுக்கு வைத்திருந்த பணத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தோம். இன்ஷூரன்ஸில் திரும்பக் கிடைத்துவிடும் என்ற தைரியம்தான்.

கிடைக்கவில்லை. "புரோஸ்டேட் பெருக்கத்துக்கு 24 மாதக் காத்திருப்புக் காலம் உண்டு, பணம் தர இயலாது" என்று கடிதம் வந்தது. அன்று இரவு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

எதிர்வீட்டுப் பெண் சென்னையில் மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கிறாள். அமெரிக்க டாக்டர்கள் எழுதிய குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டு எண்ணைப் போடுகிற வேலை. சம்மரியை வாங்கிப் பார்த்தவள், "அத்தை, மாமாவுக்குக் கிருமின்னுதானே சொன்னீங்க? இதுல 'புரோஸ்டேட் பெரிதாகியுள்ளது'ன்னு மட்டும் போட்டு, என்-40ன்னு நம்பர் குடுத்திருக்காங்களே!" என்றாள்.

பிறகு விளக்கினாள். நோய்களை வகைப்படுத்தி எண் கொடுக்கும் வழக்கம் 1893-இல் பெர்த்தியோன் என்ற பிரெஞ்சுக்காரர் தயாரித்த மரணக் காரணப் பட்டியலிலிருந்து வளர்ந்ததாம். 1948 முதல் உலக சுகாதார நிறுவனம் அதைப் பார்த்துக்கொள்கிறது. ஐ.சி.டி. என்று பெயர். அதன் 10-ஆவது பதிப்பில் சிறுநீர், பிறப்புறுப்பு நோய்களுக்கெல்லாம் 'என்' என்ற ஆங்கில எழுத்து. வயதாக ஆக புரோஸ்டேட் பெரிதாவது என்-40. கிருமியாலோ வேறு காரணத்தாலோ அது அழற்சி கண்டால் என்-41. அதிலும் திடீரென வந்தது 41.0, நாள்பட்டது 41.1, சீழ்க்கட்டி 41.2, எந்த வகை என்றே எழுதாவிட்டால் 41.9. ஈ-கோலிதான் காரணம் என்றால் கூடவே பி-96.2.

தமிழில் நாம் எல்லாவற்றையும் "வீக்கம்" என்று சொல்லிவிடுகிறோம். அழற்சியும் வீக்கம், பெருக்கமும் வீக்கம்! ஆனால் 2020-இல் வந்த ஆரோக்ய சஞ்சீவனி போன்ற பாலிசிகளில் பெருக்கத்துக்குத்தான் 24 மாதம் காத்திருக்க வேண்டும். திடீர்க் கிருமி நோய்க்குப் பொதுவாக முதல் 30 நாள் கழிந்தால் போதும். ஒரே ஒரு எண்ணில் எங்கள் ஃபீஸ் பணம் நின்றுபோயிருந்தது.

"நீயே மாத்திக் குடேன்" என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். "ஐயோ அத்தை! டாக்டர் எழுதாததை நாங்களா ஊகிச்சு எழுதவே கூடாது. சந்தேகம்னா அவரைத்தான் கேட்கணும்" என்றாள்.

போய்க் கேட்டோம். டாக்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டினார். அதில் அவர் எழுதியிருந்தது திடீர்க் கிருமி அழற்சிதான். ஸ்கேனில் சுரப்பி பெரிதாகத் தெரிந்ததை மட்டும் வைத்து யாரோ டைப் செய்திருக்கிறார்கள். திருத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதோடு கல்ச்சர் ரிப்போர்ட்டையும் வைத்து மறுபடி அனுப்பினோம். மூன்று வாரத்தில் பணம் வந்தது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பணத்துக்காக இல்லாத நோயை எழுதச் சொல்வது தப்பு. உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்வது நம் உரிமை.

ஆகவே ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புமுன் இவற்றைப் பாருங்கள்:

நோயின் முழுப் பெயர் இருக்கிறதா? திடீரென வந்ததா, நாள்பட்டதா என்று இருக்கிறதா? எந்த நாள் முதல் தொந்தரவு என்பது சரியா? கிருமியின் பெயர், கல்ச்சர் ரிப்போர்ட் உண்டா? எழுதிய மருந்து எத்தனை நாளைக்கு?

இன்ஷூரன்ஸ்காரர்கள் மறுத்தால் முதலில் அவர்களுடைய குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலும், பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும், இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது.

இன்னொன்று, காய்ச்சல் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இந்த நோய்க்கு வாரக்கணக்கில் மருந்து தேவைப்படும். பாதியில் விட்டால் திரும்ப வரலாம். கிருமி இருக்கும்போது பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையின் அளவு ஏறும். அதைப் பார்த்துப் புற்றுநோயோ என்று பயந்துவிட வேண்டாம். குணமான பின் எப்போது மறுபடி பார்ப்பது என்று டாக்டரைக் கேளுங்கள். இதற்கும் பழைய சம்மரி சரியாக இருந்தால்தான் அடுத்த டாக்டருக்குப் புரியும்.

எங்கள் வீட்டில் இப்போது ரேஷன் கார்டு வைக்கிற டிரங்குப் பெட்டியில் தனியாக ஒரு ஃபைல் இருக்கிறது. இவரும் கொஞ்சம் மாறியிருக்கிறார். போன வாரம் லேசாக எரிச்சல் என்றதும் தானே வந்து சொன்னார். தண்ணீர் குறைவாகக் குடித்ததுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொன்னாரே, அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.