மடங்கும் கால்துடுப்பு: கரையில் வசதி, கடலில்?

மாணவர்களே, உங்களில் பலருடைய புத்தகப்பையில் ஒரு மடக்குக் குடை இருக்கும். வீட்டில் தாத்தாவின் நீளக் குடை ஒரு மூலையில் சாய்ந்திருக்கும். பைக்குள் அடங்குவது மடக்குக் குடைதான். காற்றோடு மழை அடிக்கும்போது கம்பி புரண்டு கவிழ்வதும் பெரும்பாலும் அதுதான். ஒரு பொருளை மடக்க வேண்டுமானால் அதில் ஓர் இணைப்பு வைக்க வேண்டும். இணைப்பு உள்ள இடம்தான் முதலில் தளரும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு கடலுக்குப் போவோம்.

தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளில் ஸ்கூபா முக்குளிப்பவர்கள் வாத்தின் பாதம் போன்ற ஒன்றைக் காலில் மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் 'ஃபின்ஸ்' எனப்படும் கால்துடுப்பு. 10 வயதிலிருந்தே இளையோருக்கான முக்குளிப்புப் பயிற்சி இருப்பதால், உங்களில் சிலர் ஒரு ஜோடி வாங்க ஆசைப்படலாம். வழக்கமான கால்துடுப்பு மடங்காது. இன்னொரு வகையில், பாதத்துக்கு முன்னால் ஒரு கீல் இருக்கும். பூட்டை விடுவித்தால் தகடு மேலே மடங்கிக் கணுக்காலுக்கு மேல் நிற்கும். செருப்புப் போட்டதுபோல் நடக்கலாம். எதை வாங்குவது?

முதலில் மடங்கும் வகைக்கு உரிய நியாயத்தைப் பேசுவோம். கால்துடுப்போடு தரையில் நடப்பது சர்க்கஸ் வித்தை. நீண்ட தகடு மணலில் குத்தும், கால் இடறும். அதனால்தான் முக்குளிப்பவர்கள் பின்னோக்கி நடக்கிறார்கள். முதுகிலோ பெரிய சுமை. 11 லிட்டர் அலுமினியக் கலன் வெறுமையாகவே ஏறக்குறைய 14 கிலோ. அதற்குள் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்று மட்டுமே 2.5 கிலோவுக்கு மேல் இருக்கும். இவ்வளவு பாரத்தோடு வழுக்கும் பாறையில் விழுந்தால் காயம் சிறியதாக இருக்காது. கரையிலிருந்து கடலுக்குள் நடந்து இறங்குபவர்களுக்கும் முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கும் தகடு மடங்குவது பெரிய உதவி.

படகின் ஏணியும் ஒரு சிக்கல். வழக்கமான கால்துடுப்பைக் கழற்றிய பிறகே பெரும்பாலான ஏணிகளில் ஏற முடியும். கழற்றிய அந்த நொடியில் கை நழுவினால், அலையில் வெறுங்காலோடு தத்தளிக்க வேண்டியதுதான். மடக்கியவர் நழுவினாலோ, துடுப்பு காலிலேயே இருக்கும். இது உண்மையான நன்மை. மறைக்கக் கூடாது.

சரி, தண்ணீருக்குள் இறங்குவோம். நீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. நீங்கள் தகட்டால் நீரைப் பின்னே தள்ளுகிறீர்கள். நீர் உங்களை முன்னே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி இது. அந்த விசை முழுவதும் தகட்டின் வழியாகத்தான் காலுக்கு வந்து சேர வேண்டும்.

இப்போது ஒரு பிளாஸ்டிக் அடிக்கோலை எடுங்கள். ஒரு பாதியை மேசைமேல் அழுத்திப் பிடித்து, வெளியே நீட்டியிருக்கும் நுனியை மெதுவாகக் கீழே அழுத்துங்கள். அதிகமாக அழுத்தினால் எங்கே முறியும்? நுனியில் அல்ல, மேசையின் விளிம்பில். நுனியில் கொடுக்கும் விசை, நெம்புகோல் போல, விளிம்பில்தான் மிகப் பெரிய வளைவு விளைவை உண்டாக்குகிறது. கால்துடுப்பில் அந்த 'மேசை விளிம்பு' எது? பாதம் முடிந்து தகடு தொடங்கும் இடம். கீலை வைத்திருப்பதும் அங்கேதான்! மடக்கி நடக்க வேண்டுமானால் வேறு இடத்தில் வைக்கவும் முடியாது. அதிகச் சுமை தாங்கும் இடமும் பலவீனமான இணைப்பும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன.

நல்ல வடிவமைப்பாளர் கீலைத் தடிமனாக்கி இதைச் சமாளிப்பார். ஆனால் தடிமன் என்றால் எடை. கீலில் சிறிது ஆட்டம் இருந்தாலும், ஒவ்வோர் உதையிலும் உங்கள் உழைப்பில் ஒரு பங்கு நீரைத் தள்ளாமல் கீலை ஆட்டுவதிலேயே போய்விடும். மணல் துகள் பூட்டுக்குள் நுழையும். உப்பு படிந்து இறுகும். உலோகப் பாகம் அரிக்கும். நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கியில் கைவிடப்பட்ட மீன்பிடி நரம்பு சிக்கலாம்.

பூட்டு நீருக்குள் விடுபட்டால் என்ன ஆகும்? ஒரு நாட் வேக நீரோட்டம் என்றால் விநாடிக்கு அரை மீட்டர். நாம் நடப்பதைவிட மெதுவு. ஆனாலும் அது ஒரு நிமிடத்தில் உங்களைப் படகிலிருந்து 30 மீட்டர் தள்ளிவிடும். அதை எதிர்த்து நீந்துவது நல்ல கால்துடுப்பு உள்ளவருக்கே கடினம். நீரின் தடை வேகத்தின் இருமடியாக ஏறுவதால், இரண்டு மடங்கு வேகத்தில் நீந்த எட்டு மடங்கு திறன் வேண்டும். ஒரு தகடு மடங்கித் தொங்கும் நிலையில் அந்தத் திறனுக்கு எங்கே போவது?

என் கருத்து இதுதான்: படகிலிருந்து குதிக்கும், பயிற்சியைத் தொடங்கும் மாணவருக்கு மடங்கும் கால்துடுப்பு தேவையில்லை. பிரான்சின் லூயி டி கார்லியு 1933-இல் காப்புரிமை பெற்ற காலத்திலிருந்து கால்துடுப்பின் அடிப்படை எளிமையாகவே இருந்து வருகிறது. அசையும் பாகம் இல்லையென்றால் பழுதாக ஒன்று குறைவு. கரைச் சிக்கலுக்குப் பழக்கமே தீர்வு: இடுப்பளவு நீரில் நண்பரின் தோளைப் பிடித்துக்கொண்டு மாட்டுங்கள், படகருகே கயிற்றையோ ஏணியையோ ஒரு கையால் பற்றிய பிறகே கழற்றுங்கள். இதற்குக் காசு செலவில்லை.

முழங்கால் வலி உள்ளவருக்கோ, பாறைக் கரையில் அடிக்கடி இறங்குபவருக்கோ என் பதில் வேறு. அவர்கள் வாங்கட்டும். ஆனால் முதலில் நீச்சல் குளத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். பூட்டை ஒரு கையால், கண்ணால் பார்க்காமலே, இயக்க முடிகிறதா? ஓங்கி உதைத்தாலும் விடுபடாமல் நிற்கிறதா? ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவும் பொறுமை இருக்கிறதா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் தயங்க வேண்டாம்.

மாணவர்களே, புதிய கருவி எதைப் பார்த்தாலும் "இது என்ன செய்யும்?" என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். "இது பழுதானால் அப்போது நான் எங்கே இருப்பேன்?" என்றும் கேளுங்கள். குடை கவிழ்ந்தால் நனைவோம், அவ்வளவுதான். கடலில் அப்படி இல்லை.