ஊறவைப்பதில் உள்ள நுட்பம்

டீசலிலிருந்து கந்தகத்தை எவ்வாறு நீக்குகின்றனர் என்று அன்பர் ஒருவர் இப்பகுதிக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் விற்கும் டீசலில் பத்து லட்சம் பங்குக்கு 10 பங்குக்கு மேல் கந்தகம் இருத்தலாகாது. அதற்கு முந்திய வரம்பு 50. சுத்திகரிப்பு ஆலையில் ஹைட்ரஜனைச் செலுத்திக் கந்தகத்தைப் பிரிக்கின்றனர். ஆனால் ஹைட்ரஜன் தனித்து அவ்வேலையைச் செய்யாது. சில மில்லிமீட்டர் அளவேயுள்ள சிறு உருளைகள் அதற்குத் துணை நிற்கின்றன. வினையூக்கி என்பது இதுதான்.

உருளையின் உடல் அலுமினா. கண்ணுக்குப் புலப்படாத துளைகள் நிறைந்தது. ஒரு கிராம் அலுமினாவின் உட்பரப்பை விரித்துப் போட்டால் சுமார் 200 சதுர மீட்டர் வரும். நம்மில் பலர் குடியிருக்கும் குவார்ட்டர்ஸ் மூன்று நான்கை அதில் அடக்கிவிடலாம்! அப்பரப்பில் மாலிப்டினம், கோபால்ட் ஆகிய உலோகங்களை மெல்லியதாகப் பரப்ப வேண்டும். துளைகள் கொள்ளுமளவு உலோக உப்பின் கரைசலை ஊற்றி, ஊறவைத்து, உலர்த்திச் சுட்டெடுப்பது வழக்கம்.

குலாப்ஜாமூன் செய்வது போலத்தானே என்று இல்லத்தரசியர் நகைக்கக்கூடும். ஓரளவு உண்மையே. பாகு இறங்காத உருண்டையை வெட்டினால் நடுவில் வெளுத்திருக்கும். ஆனால் பாகோடு மாவு மல்லுக்கு நிற்பதில்லை, அலுமினாவோ நிற்கும். நீர் விரைவில் நடுவரை சென்றுவிடுகிறது. மாலிப்டினத்தை விளிம்பிலேயே பற்றி நிறுத்திக்கொள்கிறது அலுமினா. அது உள்ளே போய்ச் சேரப் பல மணி நேரம் ஆகலாம். கரைசலில் அமிலத்தன்மை மிகுந்தால் வேறொரு தொல்லை: அலுமினாவே சிறிது கரைந்து, ஓர் அலுமினிய அணுவைச் சுற்றி ஆறு மாலிப்டின அணுக்கள் கூடிய புதுப் பொருள் தோன்றுகிறது. உலரும்போது அது படிகமாகத் திரண்டுவிட்டால், பரப்பப்பட வேண்டிய உலோகம் கட்டியாய்க் கிடந்து வீணாகும்.

வெகுகாலம் இவை யாவும் கைப்பக்குவமாகவே இருந்தன. முதலில் நிறுத்துப் போட்டனர், முடிவில் சோதித்தனர். இடையில் நடந்ததை ஊகித்தனர். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பெர்ட் வெக்ஹைசன், கிரைன் டி யோங் முதலியோர் 2004 வாக்கில் இடைநிகழ்ச்சியையே பார்க்கத் துணிந்தனர். குறித்த நேரங்களில் உருளையை எடுத்துக் குறுக்கே வெட்டினர். வெட்டுமுகத்தில் விளிம்பு தொடங்கி நடுவரை லேசர் ஒளிப்புள்ளியை நகர்த்தி, சிதறிய ஒளியைப் பகுத்தனர். ஒவ்வொரு சேர்மமும் ஒளியின் நிறத்தைத் தனக்கே உரிய அளவில் மாற்றுவதால், எவ்விடத்தில் எது உள்ளது என்பது தெரிந்துவிடும்.

இவ்வொளிமாற்றந்தான் ராமன் விளைவு. திருச்சியில் 1888இல் பிறந்த ராமன், 1907இல் கல்கத்தாவுக்குச் சென்று நிதித்துறையில் கணக்கு உத்தியோகம் பார்த்தவர். அலுவலுக்கு முன்னும் பின்னும் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர். 1917இல் உத்தியோகத்தை விட்டுப் பேராசிரியரானார். 1928 பிப்ரவரி 28இல் விளைவைக் கண்டார். பேரேடு புரட்டும் நம்மனோர்க்கு இது சிறிது பெருமையே.

உலோகம் படியும் வகைகளுக்கு இத்துறையினர் இட்ட பெயர்கள் சுவையானவை: விளிம்பில் மட்டும் படிந்தால் முட்டையோடு, சற்று உள்ளே வளையமாயின் வெண்கரு, நடுவிலாயின் மஞ்சட்கரு. எது நன்று என்பது வேலையைப் பொறுத்தது. விரைந்து நடக்கும் வினைக்கு ஓடே போதும். வெளியிலிருந்து நச்சுப்பொருள் வந்து படியுமிடத்தில் உலோகம் உள்ளே ஒளிந்திருத்தல் நலம். எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலத்தைக் கரைசலில் சேர்த்தால், உலரும்போது படிகம் திரளுவதைத் தடுக்கலாம்.

ஒன்று குறை: வெட்டிய உருளையை மீண்டும் ஊறவைக்க இயலாது, ஓர் உருளை ஒரு கணத்தையே காட்டும். ஆகவே நோவோசிபிர்ஸ்க் நகர ஆராய்ச்சியாளரோடு கூடி, மருத்துவமனைகளில் உடலைப் படம்பிடிக்கும் காந்த முறையைக் கையாண்டு 2007இல் முடிவுகளை வெளியிட்டனர். கரைசலிலுள்ள கோபால்ட் தன்னருகிலிருக்கும் நீரின் குறியை மாற்றுவதால், ஒரே உருளைக்குள் அது நகர்ந்து செல்வதை வெட்டாமலே காண முடிந்தது. மாலிப்டினத்துக்கு அத்தகைய காந்த இயல்பு இல்லை. அங்கே ராமன் ஒளிதான் கைகொடுத்தது.