வீளையும் விலையும்

இடையர் வாய்மடித்து எழுப்பிய ஒலியைச் சங்கப் புலவர் வீளை என்றனர். இன்று அவ்வொலியைக் கருவி எழுப்புகின்றது. நாம் அதனை விசில் என்கின்றோம். இணையவழிக் கடைகளில் பிறநாட்டு விசில்கள் மிக மலிவாய்க் கிடைக்கின்றன. படத்தின் பளபளப்பைக் கண்டு வாங்குவோர் பலர். விசிலின் தரமோ செவியால் அறியத்தக்கது.

1884இல் பர்மிங்காம் நகரத்து ஜோசப் ஹட்சன் ஆக்கிய 'அக்மி தண்டரர்' விசிலினுள்ளே தக்கையுருண்டை ஒன்று சுழன்று ஒலியை அதிரச் செய்தது. இவ்வகையில் நீரோ மணலோ புகின் உருண்டை சிக்கும். 1987இல் கனடாவின் ரொன் பொக்ஸ்குரோப்ட் வெளியிட்ட 'பொக்ஸ் 40' உருண்டையின்றியே ஒலித்தது.

மலிவு தன்னளவிற் குற்றமன்று. சோதியாது நம்புதலே குற்றம் என்பது என் கருத்து. இரு பாதிகளும் இணையும் இடத்தை நோக்குக. காற்றுக் கசிந்தால் ஒலி மெலியும். மூச்சு மோதும் விளிம்பு சொரசொரப்பின்றி இருக்கின்றதா என்று பார்க்க. பின்னர் நீரில் அமிழ்த்தி எடுத்து, உடனே மெல்ல ஊதுக. களைத்தவன் மூச்சுக்கும் இசைவதே நல்ல விசில்.

பாடசாலைத் திடலில் விசில் பொய்த்தால் ஓர் ஆட்டம் குழம்பும். கடலிற் பொய்த்தால் ஓர் உயிர் போகும். கப்பல்களின் உயிர்காப்பு அங்கியில் விசில் கட்டப்பட்டிருத்தல் வேண்டுமென்பது சர்வதேச விதி. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் கடற்கோள் கண்ட கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரையினர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. தோணி ஏறுமுன் அங்கியில் தொங்கும் விசிலை நனைத்து ஊதிப் பாருங்கள். அப்போது ஒலியாதது, எத்துணை மலிவாயினும், நட்டமே.