பியானோவின் குறிப்பேடும் எமது முகவரியும்

பிள்ளைகளின் இசைப் பரீட்சைக்கென வாங்கிய பியானோ இன்று எம்மவர் இல்லங்கள் பலவற்றில் இடம்பிடித்துள்ளது. அதற்குச் சுருதி சேர்க்க வருபவர், ஆறு மாதம் கழிந்ததும் தாமாகவே செய்தி அனுப்புகிறார். எவ்வாறு மறவாதிருக்கிறார் என்று நாம் வியப்பதுண்டு. அந்நினைவு அவருடையதன்று; கணனியிலுள்ள மென்பொருளினுடையது.

முன்னர் அட்டைகளிலும் கொப்பிகளிலும் எழுதிவைத்தனர். இப்போது 'கெசல்' போன்று இத்தொழிலுக்கெனவே ஆக்கப்பட்ட மென்பொருட்கள் உள்ளன. வருகை நாள், பற்றுச்சீட்டு, நினைவூட்டல் யாவற்றையும் அவை கவனிக்கின்றன. இதை வெறும் வியாபாரத் தந்திரமென ஒதுக்கிவிட முடியாது. பியானோவின் 88 கட்டைகளுக்கும் ஏறத்தாழ 230 தந்திகள். அவற்றின் மொத்த இழுவிசை 15 தொன்னுக்கும் அதிகம். குளிர்காலத்தில் வீட்டைச் சூடேற்றக் காற்று வரண்டு ஒலிப்பலகை சுருங்கும், சுருதி இறங்கும். கோடையின் ஈரத்தில் மீண்டும் ஏறும். சென்ற தடவை சுருதி எவ்வளவு விலகியிருந்தது, எத்தந்தி மாற்றப்பட்டது, அறையின் ஈரப்பதன் என்ன என்ற குறிப்புகள் இருந்தாலே அடுத்த தடவை வேலை செம்மையாகும். தனியொருவராக வீடுவீடாகச் சென்று உழைப்பவருக்கு அக்குறிப்பேடே முதல்.

ஆயினும் பட்டியல் என்றால் அஞ்சும் அனுபவம் எமக்குண்டு. 1983 யூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடிவந்த காடையரின் கைகளில் வாக்காளர் பட்டியல்கள் இருந்தன. முகவரி கேட்டால் இன்றும் தயங்கும் பெரியவர்களைப் பார்த்து நாம் நகைக்கமாட்டோம். மென்பொருளில் பியானோவின் வரலாறு மட்டுமா பதிவாகிறது? வாசற்கதவின் இரகசிய இலக்கம், வீட்டில் ஆளில்லாத நேரம் என்பனவும் அங்கே எழுதப்படக்கூடியவை. அவை தங்குவதோ அவரது கைப்பையில் அன்று, முன்பின் அறியாத வேறொரு நிறுவனத்தின் கணனியில்.

இதற்காகப் பியானோவை மூடிவைக்க வேண்டியதில்லை. 2018 மே மாதம் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறையிலுள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டம், எம்மைப்பற்றி என்ன பதியப்பட்டுள்ளது என்று கேட்கவும், பிழையிருப்பின் திருத்துவிக்கவும் உரிமை தருகிறது. அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு கிடைக்காதவருக்கும் இவ்வுரிமை உண்டு. அடுத்த தடவை அவர் வரும்போது, கதவிலக்கத்தை எழுதாது விடும்படி தயங்காது கூறுவோம். பியானோ பற்றிய குறிப்புகளின் பிரதியொன்றையும் கேட்டு வாங்குவோம். வேறு நகருக்குக் குடிபெயர்ந்தால், அங்கே வருபவரிடம் காட்ட அது உதவும்.