புதிய மின்கலமும் பழைய கணக்கும்

கடையிற் சரக்கு மாறிய பின்னரும் பழைய இருப்புக் கணக்கையே நம்பி வியாபாரம் நடத்துவோன் விரைவில் நஷ்டமடைவான் என்பது யாவரும் அறிந்ததே. இவ்வுண்மை இக்காலத்து மின்சார வண்டிகளுக்கும் பொருந்துமென்பதைச் சிலரே சிந்திக்கின்றனர்.

பெட்ரோல் இயந்திரமும் மின்சார மோட்டாரும் ஒருங்கே பெற்று, வீட்டு மின்சாரத்தாலும் நிரப்பத்தக்க காரினை ‘ப்ளக்-இன் ஹைபிரிட்’ என்பர். 2008 டிசம்பரில் சீன தேசத்துப் பி.ஒய்.டி. நிறுவனத்தார் இவ்வகைக் காரொன்றை விற்பனைக்குக் கொணர்ந்தனர். நம் நாட்டில் இவை இன்னும் அரியனவே. எனினும் மின்சாரத்தால் மட்டும் ஓடும் வண்டிகள் நாளுக்கு நாள் பெருகுகின்றன. 2025 ஆகஸ்டு 4ஆம் நாள் தூத்துக்குடியிலேயே வின்பாஸ்ட் மின்சாரக் கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. ஆகலின் ஆறுமுகநேரியின் உப்பளச் சாலைகளிலும் இவ்வண்டிகள் மிகுதியாய் ஓடும் நாள் தொலைவில் இல்லை.

இருவகை வண்டிகளிலும் மின்கலத்தைக் காக்கும் பொருட்டுச் சிறு கணிப்பொறியொன்று அமைந்துள்ளது. அது கலங்களின் மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து, உட்புகும் மின்சாரத்தையும் வெளிச்செல்வதையும் கூட்டிக் கழித்து, மின்கலம் எவ்வளவு மூப்படைந்ததென்பதையும் நினைவில் வைத்திருக்கும். மின்கலத்தை மாற்றினும் பல வண்டிகளில் அந்நினைவு தானே மாறுவதில்லை. புதியதைப் பழையதென்றெண்ணி அது நிரப்புதலை இடையில் நிறுத்தலாம். ஓடத்தக்க தூரத்தைப் பிழைபடக் காட்டலாம். வண்டியைக் கிளப்பவே மறுக்கலாம். ஆதலால் புதிய மின்கலத்தின் விவரங்களைப் பதித்து, பழைய குறைகளின் பதிவை நீக்கி, கணக்கைப் புதிதாய்த் தொடங்கவேண்டும். இதனையே ‘ரீசெட்’ என்பர்.

இனி, இக்கணக்கின் திறவுகோல் யாரிடம் இருக்கவேண்டுமென்பதே வினா. பெரும்பாலும் அது தயாரிப்பாளரின் பணிமனைக் கருவியினுள்ளேயே பூட்டப்பட்டுக் கிடக்கிறது. உப்பு லாரிகளைத் தலைமுறையாகப் பழுதுபார்த்து, கடற்காற்றில் அரிக்கும் மின்முனைகளின் குணத்தை நன்கறிந்த நம்மூர் மெக்கானிக், மின்கலத்தை மாட்டத் தெரிந்தும் வண்டியை ஓட்டிவிட முடியாமல் நிற்பான். உடையவனோ சிறு வேலைக்கும் பெருநகரம் நோக்கி வண்டியை இழுத்துச் செல்வான். இது முறையன்று. உள்ளூர்ப் பணிமனைக்கும் அத்திறவுகோல் கிடைக்கவேண்டுமென்பதே எமது துணிபு.

இதற்கு மறுப்புரைப்போர் கூற்றிலும் உண்மையுண்டு. ஆரஞ்சு நிறக் கம்பிகளிற் பாயும் மின்னழுத்தம் நூற்றுக்கணக்கான வோல்ட் ஆகும்; கவனமின்மை உயிரைக் கொள்ளும். நைந்த மின்கலத்தின் கணக்கை அழித்துப் புதியதென விற்கும் வஞ்சகரும் தோன்றக்கூடும். எனினும் நோய் இதுவென்பதற்காக மருந்துப்பெட்டியையே பூட்டிவைத்தல் ஆகாது. முறையான பயிற்சி பெற்றுச் சான்றுடையோர்க்கே அனுமதி அளித்தல், மின்கலத்தைச் சோதித்த பின்னரே கணக்கை மாற்றுதல், மாற்றிய நாளும் செய்தவர் பெயரும் அழியாப் பதிவாய் நிற்றல் ஆகிய இம்மூன்றும் போதிய காவலாம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய மின்கலச் சட்டம், மின்கலத்தை மறுபயனுக்கோ மறுஆக்கத்துக்கோ ஆயத்தம் செய்வோர் வேறு மென்பொருள் ஏற்றவேண்டின், அதற்குரிய மீளமைப்பு வசதி இருத்தல் வேண்டுமென விதித்துள்ளது. அவ்வசதியைப் பிறர் பயன்படுத்தியதால் விளையும் கேட்டுக்கு முதல் தயாரிப்பாளரைப் பொறுப்பாளியாக்காமலும் விட்டது. நமது அரசாங்கமும் 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமையை ஆராயக் குழு அமைத்தது. அதன் வரம்பில் மோட்டார் வண்டிகளும் அடங்கும். மின்கலக் கணக்கின் உரிமையும் அதனுள் வெளிப்படையாய்ச் சேரவேண்டும்.

மாணவ நண்பர்களே! விலைகொடுத்து வாங்கிய பொருளின் கணக்கை உடையவன் திறக்கமுடியாதாயின், அவன் பாதி உடையவனே. நம் தொழிற்பயிற்சி நிலையங்கள் இக்கலையை இன்றே போதிக்கத் தொடங்குமாயின், நாளை வரும் வண்டிகளுக்கு நம் சிற்றூர்களும் அந்நியமாகா.