மெமரி தாராளம் என்ற நம்பிக்கையில் டிரைவர் எழுதலாமா?

“இந்தக் காலத்தில் யாருடைய கணினியில் மெமரி இல்லை? சின்னதாக ஒரு பஃபர் கேட்டால் கெர்னல் தராமலா போகும்? கிடைத்ததா என்று பார்க்கும் வரிகள் வெறும் சம்பிரதாயம். அப்படியே கிடைக்காவிட்டாலும் இயந்திரம் எப்படியும் விழத்தான் போகிறது.” டிரைவர் எழுதப் பழகுகிறவர்களிடையே இந்தப் பேச்சு பரவலாக உண்டு. மாங்குளத்திலிருந்து ஏ9 வீதியில் வடக்கே போனால் அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம். தெற்கே போனால் வவுனியாப் பல்கலைக்கழகம். இரண்டு இடத்திலும், லினக்ஸ் கெர்னலுக்குள் முதல் தடவையாகக் கைவைக்கும் மாணவர் எவர் காதிலும் இந்தப் பேச்சு விழாமல் போகாது. கேட்க நியாயம்போலவே இருக்கிறது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

மெமரி தாராளம் என்பதிலிருந்து தொடங்கலாம். எவ்வளவு மெமரி மிச்சமிருக்கிறது என்பது பாதிக் கேள்விதான். அது எப்படிக் கிடக்கிறது என்பது மற்றப் பாதி. லினக்ஸ் மெமரியைப் பெரும்பாலும் 4 கிலோபைட் பக்கங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒட்டிய பக்கங்களை 1, 2, 4, 8 என்ற கணக்கிலேயே ஒதுக்குவதால், டிரைவர் 18 கிலோபைட் கேட்டால் அடுத்தடுத்து ஒட்டிய எட்டுப் பக்கங்கள் தேவைப்படும். இயந்திரம் சில நாள் ஓடிய பிறகு ஆயிரம் பக்கங்கள் காலியாக இருந்தாலும் எட்டு சேர்ந்தாற்போல் இல்லாமல் போகலாம்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2012-இல் வந்த முதல் ராஸ்பெர்ரி பை மாதிரி பி பலகையில் 256 மெகாபைட் ரேம். அதிலும் ஒரு பங்கு கிராஃபிக்ஸுக்குப் போய்விடும். ஈதர்நெட், யுஎஸ்பி வழியாக ஓடியது. அதன் டிரைவரான எஸ்எம்எஸ்சி95எக்ஸ்எக்ஸ், ‘டர்போ’ முறையில் ஒவ்வொரு தடவையும் 18,944 பைட் பஃபர் கேட்டது. வலையமைப்பில் நெரிசல் கூடியதும் பலருடைய பதிவேட்டில் ஒரே வரி மழைபோல் கொட்டியது: “கெவெண்ட் 2 மே ஹேவ் பீன் டிராப்ட்”. டர்போவை நிறுத்தி பஃபரை 2,048 பைட்டாகச் சுருக்குவதும், கெர்னல் அவசரத்துக்கு ஒதுக்கி வைக்கும் மெமரியை 8,192 கிலோபைட்டாக உயர்த்துவதும் அப்போது எல்லோரும் செய்த பரிகாரம்.

அந்த வரி எங்கிருந்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பஃபர் கிடைக்கவில்லை என்பதை யுஎஸ்பி வலையமைப்பு டிரைவர் சரிபார்த்தது. காத்திருக்க முடியாத இடத்தில் தான் நிற்பதால், காத்திருக்க முடிகிற வேறொரு வேலையிடம் அதை ஒப்படைத்தது. முந்தைய ஒப்படைப்பே முடியாமல் வரிசையில் நின்றபோது அதையும் அறிவித்தது. பாக்கெட்டுகள் தவறின; ஆனால் டிரைவர் தன் நிலையை அறிந்திருந்தது. சரிபார்க்காத டிரைவராக இருந்தால், வெறும் சுழிய முகவரியில் எழுதப் போய் அந்தக் கணமே கெர்னலைக் கவிழ்த்திருக்கும்.

சிறிய கோரிக்கை தோற்காது என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. அதை மறைக்கத் தேவையில்லை. காத்திருக்கத் தயார் என்று பொருள்படும் ஜிஎஃப்பி_கெர்னல் குறியுடன் எட்டுப் பக்கம்வரை கேட்டால் லினக்ஸ் அனேகமாகக் கையை விரிப்பதில்லை. திரும்பத் திரும்ப முயலும்; வழியில்லையேல் ஏதாவது ஒரு செயலியைக் கொன்றாவது இடம் எடுத்துத் தரும். ஆனால் இது இன்றைய நடைமுறை மட்டுமே, வாக்குறுதி அல்ல. கெர்னல் ஆவணமே உத்தரவாதம் இல்லை, கேட்டவர் சரிபார்க்க வேண்டும் என்கிறது. இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு விலையும் உண்டு. 2014-இன் இறுதியில் ஜப்பானியரான தெத்சுவோ ஹாண்டா அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்: கொல்லப்பட வேண்டிய செயலி ஒரு பூட்டுக்காகக் காத்திருக்கிறது, பூட்டை வைத்திருப்பதோ மெமரிக்காகக் காத்திருக்கிறது. இரண்டும் நகராமல் இயந்திரம் உறைந்துவிடுகிறது. சிறிய கோரிக்கை அனேகமாகத் தோற்பதே இல்லை என்பது கெர்னல் கோப்பு முறைமைகளை எழுதியவர்கள் சிலருக்கே அன்றுதான் தெரியவந்தது.

தவிர, டிரைவரின் முக்கியமான வேலை இன்டரப்டுக்குள் நடக்கிறது. அங்கே உறங்கவும் காத்திருக்கவும் முடியாது. ஜிஎஃப்பி_அடாமிக் என்று கேட்க வேண்டும். இருந்தால் கிடைக்கும், இல்லையேல் உடனே இல்லை. தோற்காது என்ற பேச்சு இந்த இடத்துக்குப் பொருந்தவே பொருந்தாது.

பஃபர் கிடைக்காவிட்டால் இயந்திரம் விழத்தான் போகிறது என்பது எல்லாவற்றிலும் மோசமான வாதம். வலையமைப்பு அட்டையை எடுத்துக்கொள்வோம். டிரைவர் 256 பஃபர்களை ஒரு வளையமாக அடுக்கி அட்டையிடம் கொடுத்திருக்கிறது என்று வைப்போம். பாக்கெட் வந்ததும் நிரம்பிய பஃபரை மேலே அனுப்பிவிட்டுப் புதியதை அந்த இடத்தில் வைக்க வேண்டும். அவசரக்காரர் முதலில் அனுப்பிவிடுவார், பிறகு புதியதைக் கேட்பார். கிடைக்காவிட்டால் வளையத்தில் ஓர் ஓட்டை. இப்படி 256 ஓட்டை விழுந்ததும் அட்டைக்கு எழுத இடமில்லை. பாக்கெட் ஏற்கப்படாது; பாக்கெட் வந்ததாக இன்டரப்டும் எழாது. இன்டரப்ட் வந்தால்தான் டிரைவர் மறுபடி நிரப்பும் என்று எழுதியிருந்தால், பத்து நிமிடம் கழித்து மெமரி தாராளமாக வந்தாலும் அட்டை ஊமையாகவே இருக்கும்.

கவனமாக எழுதியவர் வரிசையை மாற்றுவார். முதலில் புதிய பஃபரைக் கேட்பார். கிடைக்காவிட்டால் வந்த பாக்கெட்டைக் கைவிட்டு, பழைய பஃபரையே வளையத்தில் திரும்ப வைப்பார். போனது ஒரு பாக்கெட். டிசிபி அதை மறுபடி அனுப்பவைக்கும். வன்னியில் குளம் கட்டுகிறவர்கள் வான் வைத்துக் கட்டுவதும் இதே கணக்கில்தான். 2018 டிசம்பர் வெள்ளத்தில் இரணைமடுக் குளத்தின் வான் கதவுகள் திறந்ததுபோல, தாங்காத நீர் போக வழியிருந்தால்தான் அணைக்கட்டு நிற்கும். இந்த வரிசை ஒத்துவராத இடத்தில் இன்னொரு வழி உண்டு. மெய்நிகர் இயந்திரங்களுக்கான விர்ட்டியோ வலையமைப்பு டிரைவர், நிரப்ப முடியாதபோது சற்று நேரம் கழித்து மறுபடி முயலும்படி ஒரு வேலையைத் தானே குறித்து வைக்கிறது. இன்டரப்டை நம்பிக் கிடப்பதில்லை.

வட்டு டிரைவர்களுக்கு இது இன்னும் கூர்மையான சிக்கல். மெமரிக்குத் தட்டுப்பாடு வந்தால் கெர்னல் பக்கங்களை வட்டுக்கு எழுதி இடம் பிடிக்கும். அப்படி எழுதவே வட்டு டிரைவருக்குக் கொஞ்சம் மெமரி வேண்டும். அதற்காகத்தான் மெம்பூல் என்ற முன்கூட்டிய சேமிப்பு இருக்கிறது.

எதிர்த்தரப்பில் வலுவான வாதம் ஒன்றுதான்: பிழையைக் கையாளும் வரிகள் ஓடுவதே அபூர்வம், ஓடாத வரியில்தான் பிழை ஒளிந்திருக்கும், எனவே எழுதாமல் விடுவதே மேல். இதன் முதல் பாதி முற்றிலும் உண்மை. 2008-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஹர்யாதி குணாவியும் சகாக்களும் லினக்ஸின் கோப்பு முறைமைகளையும் சேமிப்பு டிரைவர்களையும் ஆராய்ந்தபோது, 1,153 அழைப்புகளில், அதாவது ஏறத்தாழ 13 சதவீதத்தில், பிழைக் குறியீடு யாரும் கவனிக்காமல் தொலைந்துபோனதைக் கண்டார்கள். ஆனால் வரி ஓடாததுதான் குறை என்றால், அதை ஓடவைப்பதே மருந்து. 2007-இல் வந்த லினக்ஸ் 2.6.20-இலேயே அதற்கான கருவி இருக்கிறது. ஃபெயில்ஸ்லாப் என்ற வசதி, மெமரி கோரிக்கைகளை வேண்டுமென்றே தோற்கடிக்கும். கூகுளின் சோதனைக் கருவியான சிஸ்காலர் இதையும் பயன்படுத்தியே கெர்னலைத் துருவுகிறது.

டிரைவர் எழுதும் மாணவருக்கும் இது எட்டாத விஷயமல்ல. முதல் கோரிக்கையைத் தோற்கடித்து டிரைவரை ஏற்ற வேண்டும். பிறகு இரண்டாவதை, மூன்றாவதை என்று, எதுவும் தோற்காமல் டிரைவர் முழுதாக ஏறும்வரை போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் அதுவரை வாங்கிய பஃபர்கள் திருப்பிக் கொடுக்கப்பட்டனவா, இன்டரப்ட் விடுவிக்கப்பட்டதா, டிரைவரை மறுபடி ஏற்ற முடிகிறதா என்று பார்க்க வேண்டும். மெய்நிகர் இயந்திரத்துக்குள் செய்தால் கெர்னல் கவிழ்ந்தாலும் இழப்பில்லை. இதற்கு ஒரு பழைய மடிக்கணினியே போதும்.